பல்வரிசையில் அம்மா நிற்காமல் போனது

அம்மா நவம்பரில் இறந்தாள். கணையத்தில் புற்று. தெரிந்ததற்கும் முடிந்ததற்கும் நடுவில் ஒரு பருவம்தான் இருந்தது.

பத்திரிகைக்கு இரங்கல் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் ஆறுகளில் நீரளவு பார்க்கும் வேலையில் இருப்பவள். எழுதிப் பழகியதெல்லாம் அறிக்கைகள். கொலெட் பெல்டியே, பள்ளிச் சமையற்கூடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர், ஓடுவதிலும் ஓடம் விடுவதிலும் விருப்பம் உள்ளவர் என்று எழுதி, அம்மாவின் அக்காள் ஜானீன் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"பந்தயத்துல முதலா வந்தாளே, அது எங்க?" என்றாள் பெரியம்மா.

"போடல."

"ஏண்டி ரெனே? வாழ்க்கையில அவ ஜெயிச்சது அது ஒண்ணுதான்."

"அம்மாதான் வேண்டாம்னு சொன்னா."

"செத்தவ சொன்னான்னு எல்லாத்தையும் செய்வியா? என்னைப் பாத்துக்கச் சொன்னாளே, அதச் செஞ்சியா?"

பெரியம்மா மேல்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். குறிப்பு அந்த வெற்றி இல்லாமலே வெளிவந்தது. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மெய்ன் மாநிலத்தின் உள்பகுதியில், பைக் ஓடையின் கரையில் இருக்கிறது. காகித ஆலை மூடியபின் ஊரில் வேலை கொடுத்தது பள்ளிக்கூடமும் முதியவர்களும்தான். அம்மா இரண்டு இடத்திலும் வேலை பார்த்தாள். விடியும் முன் பள்ளிச் சமையற்கூடத்தில் அடுப்பு மூட்டுவாள். மதியத் தட்டுகளைக் கழுவி அடுக்கினால் அந்த வேலை முடிந்தது. மாலையில் மூன்று வீடுகளுக்குப் போய் மூன்று முதியவர்களுக்கு மாத்திரையும் குளியலும் சாப்பாடும். அப்பா நான் கல்லூரிக்குப் போன வருடமே புளோரிடாவுக்குப் போய்விட்டிருந்தார். அங்கே பனியும் இல்லை, அம்மாவும் இல்லை.

இரண்டு வேலைக்கும் நடுவில் விழுந்த இடைவெளியை அம்மா யாருக்கும் விட்டுத்தரவில்லை. பனிக்காலத்தில் அந்த நேரத்தில் ஓடினாள். வேகம் பார்க்க மாட்டாள், தூரம் கணக்கு வைக்க மாட்டாள். மார்ச் கடைசியில் பனி உருகி மண்சாலைகளெல்லாம் சேற்றுக் குழம்பாகிவிடும். அப்போதும் ஓடுவாள். முழங்கால்வரை சேறோடு முதியவர் வீட்டு வாசலில் நின்று காலணியை உதறுவாள்.

ஓடையில் பனிக்கட்டி உடைந்து போன மறுநாள் எங்கள் காரின் கூரையில் ஓடம் ஏறிவிடும். கேனோ என்கிற ஒல்லி ஓடம், ஓர் ஆள் உட்காருவது. மே முடியும்வரை இறங்காது. சமையற்கூடத்திலிருந்து நேராகத் துறைக்குப் போவாள். அவளுடைய லைஃப் ஜாக்கெட்டில் எப்போதும் தக்காளிச் சாற்றின் வாசம் இருக்கும். திரும்பும்போது சமைப்பதற்குக் கரையில் முளைத்த சுருள் பெரணித் தளிரைப் பறித்துத் தொப்பியில் போட்டுக்கொண்டு வருவாள்.

"மறுபடியும் ஆத்துல விழுந்தியா?" என்பார் அவள் பார்த்துக்கொண்ட ஒரு கிழவர், அவள் ஈரக் காலுறையைப் பார்த்து.

"விழல. இறங்கினேன்."

"என்ன வித்தியாசம்?"

"விழுந்தா சத்தம் கேக்கும்."

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஊரில் ஓடப் பந்தயம். உருகிய நீர் ஓடையில் நிறைந்து ஓடும் சில வாரங்களுக்குள் நடத்திவிட வேண்டும். பிறகு கல்தான் தெரியும். பந்தயத்தைப் பார்க்க வருகிறவர்கள் முடிவுக்கோட்டுக்குப் போவதில்லை. பல்வரிசை என்று நாங்கள் சொல்லும் பாறைப் பாய்ச்சலுக்குப் போவார்கள். மடக்கு நாற்காலி, காபிக் குடுவை, நாய், பிள்ளைகள். ஓடங்கள் கவிழ்வதைப் பார்க்கத்தான் கூட்டம்.

அங்கே எல்வின் ஹாஸ்கெல்தான் நாயகன். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயை வீடு வீடாகக் கொண்டுவந்து ஊற்றுகிறவர். ஒவ்வொரு வருடமும் ஒரு வேடத்தில் வருவார். ஒரு வருடம் மணப்பெண், ஒரு வருடம் சிங்கி இறால். பல்வரிசைக்கு வந்ததும் வேண்டுமென்றே கவிழ்வார். பிறகு மார்பளவுத் தண்ணீரில் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டு, கடந்துபோகிறவர்களின் துடுப்பைப் பிடித்து இழுப்பார். சிலர் விழுவார்கள். கரை கூத்தாடும். எல்வினிடமிருந்து துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு தப்பிப் போவது எங்கள் ஊரில் பெரிய கெட்டிக்காரத்தனம். பள்ளிப் பிள்ளைகள் அதை விளையாட்டாகவே ஆடுவார்கள்.

நான் சொல்லும் வருடம் அவர் பசு. ரப்பர் கையுறையை மடியாகத் தைத்திருந்தார். உடம்பு முழுக்கப் பழைய போர்வைப் பஞ்சு. நனைந்தால் அது என்ன எடை வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. அந்த வாரம் தண்ணீர் எவ்வளவு குளிர் என்பது எனக்குத் தெரியும், அளந்தவள் நான். அந்தக் குளிரில் விரல்கள் சீக்கிரமே சொன்ன பேச்சைக் கேட்காது. தெரிந்தும் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தேன்.

எல்வின் கவிழ்ந்தார். எழுந்தார். பாறையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய இடது கால் அடியில் இரண்டு கற்களுக்கு நடுவில் செருகிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து அது தெரியாது.

அம்மா வந்தாள். எப்போதும் நடுவில் எங்கேயோ வருகிறவள். அன்று அவளுடைய ஒற்றையாள் பிரிவில் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.

"ஏ கொலெட்டு! நீதாண்டி முதல்! கண்ண அங்க இங்க விடாத!" என்று பெரியம்மா நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள்.

எல்வின் கையை நீட்டி அம்மாவின் துடுப்பைப் பிடித்தார். அம்மா இழுத்தாள். அவர் விடவில்லை.

"விடு எல்வின்! இன்னிக்கு வேண்டாம்!"

அவர் ஏதோ சொன்னார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. அம்மா துடுப்பை முறுக்கிப் பிடுங்கிக்கொண்டாள். கரை முழுக்கக் கைதட்டல். பசுவின் ஒரு கொம்பு கழன்று தண்ணீரில் போனது. அதற்கும் சிரித்தோம்.

பாறையைத் தாண்டியதும் அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து துடுப்புப் போட்டாள்.

அடுத்து வந்த ஓடத்தில் இருந்தவர்கள் துடுப்பை நீட்டியே கொடுத்தார்கள். அவரால் பிடிக்க முடியவில்லை. அவர்கள்தான் கத்தினார்கள். கயிறு வந்தது, ஆட்கள் இறங்கினார்கள். வெளியே எடுத்தபோது கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. பேச்சு இல்லை. உயிர் இருந்தது.

முடிவுக்கோட்டில் அம்மாவுக்கு மரத்தில் செதுக்கிய வாத்து ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். கையில் அதை வைத்துக்கொண்டு நின்றபோது ஆம்புலன்ஸ் பாலத்தைக் கடந்தது. யாருக்கு என்று கேட்டாள். சொன்னார்கள். வாத்தைச் சூப் மேசையில் வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தாள்.

அன்று மாலையிலிருந்து ஊர் அவளைத் தேற்றியது. "உனக்கு எப்படித் தெரியும்? நாங்களும்தான சிரிச்சோம்." கடையில், தேவாலயத்தில், பள்ளி வாசலில். அம்மா ஒவ்வொருவருக்கும் தலையாட்டினாள். ஆறுதல் அடைகிறாள் என்று நான் நினைத்தேன்.

ஓடம் ஏப்ரலிலேயே கூரையிலிருந்து இறங்கியது. கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தது. அந்த மே மாதம் எங்கள் வீட்டில் சுருள் பெரணி சமைக்கவில்லை. ஓட்டத்தை அவள் விடவில்லை, வழியை மாற்றினாள். முன்பு ஆலைச் சாலையில், எல்வின் வீட்டைத் தாண்டி ஓடுவாள். இப்போது கல்லறைத் தோட்டத்தின் பின்னால். அங்கே கடிக்கிற கருப்பு ஈக்கள் மொய்க்கும். கழுத்தெல்லாம் தடித்துப்போய் வந்தாள். எல்வின் மருத்துவமனையிலிருந்து வந்ததும் இறைச்சி அடைத்த அப்பம் செய்து பெரியம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். இரண்டாவதாக ஒன்று செய்தாள். அதைத் தானே கொண்டுபோவதாகச் சொன்னாள். அது குளிர்பெட்டியில் கிடந்து உறைந்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு மதியம் வீட்டுக்குப் போயிருந்தேன். இருவரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம்.

"ரெனே, நான் திரும்பிப் பாத்தேன்ல?"

"எப்ப?"

"பல்வரிசைல."

"ஆமா."

"அவன் உதடு நீலமா இருந்துது. சிரிக்கல அவன். எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் குழாயை மூடினேன்.

"அந்த ஓட்டத்துல எதிர்த்து மேல வந்திருக்க முடியாதும்மா. யாராலயும் முடியாது. அன்னிக்கு நீர் வேகம்..."

"வேகம் கெடக்கட்டும். வாய் இருந்துது இல்ல? கரையில ஊரே உக்காந்திருந்துது. நெஜமாவே மாட்டிக்கிட்டான்னு ஒரு கத்து கத்தியிருக்கலாம். கத்தல. முன்னாடி யாரும் இல்லன்னு ஜானீன் சொன்னா. ஒரு தடவையாவது முதலா போய்ப் பாப்போம்னு இருந்துது. பின்னாடி வர்றவங்க பாத்துக்குவாங்கன்னு நெனச்சேன். நெனச்சேன் பாரு, அந்த அளவுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அவர்கிட்ட சொல்லிடும்மா" என்றேன்.

"சொல்லாம எப்படி. ஆனா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு?"

ஊருக்குத் தெரிந்தது அறியாமல் செய்த ஒரு தவறு. அவளுக்குத் தெரிந்தது வேறு. எல்லோரும் வந்து மன்னித்துக்கொண்டிருந்தது அவள் செய்யாத ஒன்றை.

டிசம்பரில் எல்வின் வேலைக்குத் திரும்பினார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான் வீட்டில் இருந்தபோது எண்ணெய் லாரி வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்துப் பனியில் வந்தார். அம்மாவைக் கூப்பிடத் திரும்பினேன். அவள் நிலவறைப் படியில் பாதி இறங்கியிருந்தாள்.

"நான் இல்லன்னு சொல்லு."

"அம்மா!"

"சொல்லுடி."

எண்ணெய்த் தொட்டி நிலவறையில் இருக்கிறது. நிரப்பும் வாய் வெளிச்சுவரில். எண்ணெய் இறங்கும்வரை தொட்டியில் ஒரு சீழ்க்கை கேட்டுக்கொண்டிருக்கும். நின்றால் நிரம்பிவிட்டது என்று பொருள். சுவருக்கு அந்தப் பக்கம் எல்வின், இந்தப் பக்கம் இருட்டில் தொட்டியோடு அம்மா. சீழ்க்கை நின்றது. கதவு தட்டப்பட்டது.

"அம்மா இல்லையா, ரெனே?"

"இல்லீங்க. ஓடப் போயிருக்காங்க."

எல்வின் வாசல் விரிப்பைப் பார்த்தார். அம்மாவின் ஓட்டக் காலணி அங்கே இருந்தது. அதில் பனி இன்னும் உருகவில்லை.

"வெறுங்காலோடவா?"

என் முகம் சுட்டது. "வேற ஜோடி இருக்கு."

"வசதியான வீடுதான்" என்றார். சிரிக்கவில்லை. போய்விட்டார். அம்மா நெடுநேரம் மேலே வரவில்லை. வந்தபோது சட்டையில் எண்ணெய் வாசம். "என்ன சொன்னான்?" என்று கேட்டாள். சொன்னேன். காலணியை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள்.

மார்ச்சில் ஊர்க்கூட்டம். வருடத்துக்கு ஒருமுறை ஊரார் எல்லோரும் பள்ளி விளையாட்டுக்கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தீர்மானமாகப் பேசி, கை தூக்கி முடிவு செய்வார்கள். சாலை உப்பு, நூலகக் கூரை, நாய் உரிமம். மதியச் சாப்பாடு அம்மாவின் சமையற்கூடத்திலிருந்து. சுட்ட மொச்சையும் பழுப்பு ரொட்டியும். பரிமாறும் ஜன்னல் நேராகக் கூடத்தைப் பார்த்துத் திறக்கும். அம்மா ஏப்ரனோடு அதன் பின்னால் நின்றாள். எல்வின் நடைவழி ஓரமாக உட்கார்ந்து, ஊன்றுகோலைக் காலுக்கு நடுவில் வைத்திருந்தார். நான் பெரியம்மாவுக்குப் பக்கத்தில்.

இந்த வருடமும் ஊர்த்துறையிலிருந்து பந்தயம் நடத்த அனுமதிப்பதா என்ற தீர்மானம் வந்தது. ஓர் அம்மாள் எழுந்து அழகாகப் பேசினார். நடந்தது விபத்து, யார் மேலும் குற்றம் இல்லை, குற்றம் சொல்ல இது இடமும் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

சமையற்கூடக் கதவு திறந்தது. அம்மா கூடத்துக்குள் வந்தாள்.

கூட்டத் தலைவர் வில்லிஸ் டோர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன கொலெட், சாப்பாடு தயாரா?"

சிரிப்பு.

"இல்ல. பேசணும்."

"தீர்மானத்தப் பத்தி மட்டும்தான் பேசலாம்."

"அதப் பத்தித்தான். யார் மேலயும் குத்தம் இல்லன்னு இப்ப சொன்னாங்க. அது சரியில்ல. போன வருஷம் எல்வின் என் துடுப்பப் புடிச்சான். வெளையாட்டுன்னு நெனச்சுப் பிடுங்கினேன். அது தெரியாம. அப்புறம் திரும்பிப் பாத்தேன். அவன் மாட்டிக்கிட்டான்னு தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் போனேன். முதலா வரணும்னு போனேன்."

பெரியம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள். "உக்காரச் சொல்லுடி அவள" என்று முணுமுணுத்தாள். நான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் கழுத்து காதுவரை சிவந்திருந்தது. ஏப்ரனில் மொச்சைக் குழம்புக் கறை.

"கொலெட்" என்றார் தலைவர் தாழ்ந்த குரலில், "இது தீர்மானத்துக்குள்ள வராதும்மா."

"வரும். தண்ணியில யாராவது இருந்தா எந்த ஓடமும் நிக்கணும், பந்தயமானாலும். அத எழுதிப் போட்டுட்டு நடத்துங்க."

எல்வின் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். நேரம் பிடித்தது. யாரும் உதவவில்லை, அவருக்குப் பிடிக்காது.

"தலைவரே, நானும் பேசணும். இதுவும் தீர்மானத்துக்குள்ள வராது."

"சரி, பேசு."

அவர் தலைவரைப் பார்க்கவில்லை. "நீ திரும்பிப் பாத்தத நான் பாத்தேன், கொலெட்."

அம்மா தலையாட்டினாள்.

"உனக்குத் தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். கொம்பு மாட்டிக்கிட்டு வருஷா வருஷம் புளுகினவன் நான். என்ன நம்பாம போனவங்க மேல கோவம் இல்ல. உன் மேல இருந்துது. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு உன்னத்தான் திட்டினேன். வர்றவன் போறவன் எல்லாம் 'யார் மேலயும் குத்தம் இல்ல'ம்பான். நானும் ஆமாம்பேன். வேற என்ன சொல்ல? உங்கிட்டயே கேக்கலாம்னு எண்ணெய் ஊத்த வந்தா, சுவருக்கு அந்தப் பக்கம் உன் காலடி கேக்குது, நிலவறைல போயி ஒளிஞ்சுக்கிற."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு வெக்கமா இருந்துது, எல்வின்" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்" என்றார் அவர். "இருக்க வேண்டியதுதான்."

உட்கார்ந்தார். அவ்வளவுதான் அவர் பேசியது. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். ஒரு வருடமாக அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"மொச்சை தீயுது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அம்மா உள்ளே ஓடினாள். கை தூக்கச் சொன்னார்கள். நிற்க வேண்டும் என்ற விதியோடு பந்தயத் தீர்மானம் நிறைவேறியது.

சாப்பாட்டு வரிசையில் எல்வின் ஜன்னலுக்கு வந்தார். அம்மா மொச்சையை அள்ளி வைத்தாள். இருவரும் தட்டையே பார்த்தார்கள்.

"அடிப்பிடிச்சிருக்கு" என்றார்.

"தெரியும்."

"ரொட்டி ரெண்டாப் போடு."

போட்டாள்.

அவர்கள் நண்பர்களாகவில்லை. ஏற்கெனவே இருந்ததும் இல்லை. அம்மா மறுபடி ஆலைச் சாலையில் ஓடினாள். எல்வின் வாசலில் நின்றால் சில நாள் தலையாட்டுவார், சில நாள் மாட்டார். இரண்டையும் அவள் வாங்கிக்கொண்டு ஓடினாள். ஊரில் சிலர் அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். தெரியாமல் செய்ததை மன்னிப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருந்தது. ஒரு தாய், பள்ளிச் சமையற்கூடத்துக்கு வந்து, இனி என் பிள்ளை வீட்டிலிருந்தே சாப்பாடு கொண்டுவரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அதை என்னிடம் சொன்னபோது அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

பனி உடைந்ததும் ஓடம் கூரைக்கு ஏறியது. அந்த ஏப்ரலிலும் பந்தயத்தில் இறங்கினாள். பல்வரிசையில் கல்லூரிப் பையன்கள் இருவர் வேடிக்கைக்காகக் கவிழ்ந்து கையாட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா பாறைக்குப் பின்னால் நீர் அமைதியாக இருந்த இடத்தில் ஓடத்தைத் திருப்பி நிறுத்தி, கயிற்றை எறிந்தாள்.

"ஆன்ட்டி, நாங்க சும்மா விழுந்தோம்!"

"தெரியுது. கயித்தப் பிடி."

"நெஜமாவே ஒண்ணுமில்ல!"

"பிடின்னா பிடி."

கரையில் மடக்கு நாற்காலியில் இருந்த எல்வின் கத்தினார். "விட்டுடு கொலெட்டு! காலேஜ் பசங்க, தானா மெதக்கும்!"

கரை சிரித்தது. அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பையன்கள் கரையேறும்வரை கயிற்றை விடவும் இல்லை. அவளைத் தாண்டி எல்லா ஓடங்களும் போய்விட்டன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இதுதான். கவிழ்ந்த எல்லோருக்கும் நின்றாள், உதவி வேண்டியவர்களுக்கும் வேண்டாதவர்களுக்கும். சிலருக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது. பெரியம்மாவுக்கு அவமானமாக இருந்தது. "ஊரே உன்னைப் பாத்துச் சிரிக்குதுடி" என்றாள். "சிரிக்கட்டும்க்கா" என்றாள் அம்மா.

போன ஏப்ரலிலும் கடைசியாகத்தான் வந்தாள். சூப் தீர்ந்திருந்தது, மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். நடுமுதுகில் வலி என்றாள். கணையம் காட்டிய முதல் வலி அது. துடுப்புப் போட்டதால் இருக்கும் என்று நான்தான் சொன்னேன்.